டிப்ஸை விட்டுவிட்டு யார் சுப்பர்வைசர் ஆவது? மனேஜர்களுக்கான ஒரு பயிற்சி வகுப்பு பற்றி

நுவரெலியாவில் ஒரு நடுத்தர ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் பொறுப்பு என்னுடையது. அறைகள், லினன், லோண்டரி எல்லாம் என் தலையில். என்னிடம் வேலை செய்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் ராகலை, கந்தப்பளை, நானுஓயா, லிந்துலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். தன் கீழே வேலை செய்கிறவர்கள் தொழிலில் முன்னுக்கு வர மனேஜர்மார் எப்படிக் கைகொடுப்பது என்று இரண்டு நாள் வகுப்பு ஒன்றைக் கொழும்பிலிருந்து வந்த ஒரு பயிற்சிக் கொம்பனி பண்டாரவளையில் நடத்தியது. எங்கள் ஜெனரல் மனேஜர் (ஜீ.எம்.) என்னையும் ரெஸ்டூரண்ட் மனேஜரையும் அனுப்பிவைத்தார். இதையே ஹட்டனிலும் கண்டியிலும் போடப்போகிறார்களாம். போகலாமா, காசுக்குத் தகுமா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். கொம்பனியின் பெயரைப் பொதுவில் போட விருப்பமில்லை. வேண்டியவர்கள் தனியாகக் கேளுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் நாள் நல்ல நாள். இரண்டாம் நாளில் பாதி, படிவம் நிரப்பியதோடு போய்விட்டது. ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால் மூன்றரை. அந்த ஒன்றரையை எங்கே வெட்டினேன் என்பதுதான் மலையகத்தில் ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டியது.

இந்த மாதிரி வகுப்புக்கு முதலாளிமார் இப்போது ஏன் காசு கட்டுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. 2019 ஏப்ரலில் குண்டுவெடிப்பு, அடுத்த வருடம் கொரோனா, 2022இல் பெற்றோல் வரிசை. ஹோட்டல் தொழிலில் இருந்தவர்கள் மாலைதீவு, டுபாய், கட்டார் என்று போய்விட்டார்கள். இப்போது அறைகள் நிரம்புகின்றன, விரிப்பை நேராகப் போடத் தெரிந்த கைகள்தான் இல்லை. புதிதாக ஒருவனைப் பழக்கி எடுத்தால் சீசன் முடிவதற்குள் பாஸ்போர்ட் எடுத்துவிடுகிறான். அதனால் ஆட்களை நிறுத்திவைக்க ஏதாவது வழி கிடைக்குமா என்று பார்க்கிறார்கள். வகுப்புக்கு வந்தவர்களில் ஹோட்டல்காரர்கள்தான் அதிகம். ஹாலிஎலப் பக்கத்திலிருந்து ஒரு தேயிலை ஃபெக்டரி ஒஃபிசர், ஒரு லீசிங் கொம்பனியின் கிளை மனேஜர், மருந்துக்கடைகள் வைத்திருக்கும் ஒரு வயதான முதலாளி ஆகியோரும் இருந்தார்கள்.

முதல் நாள் முழுவதும் ஒரே ஒரு விஷயம்: கேள்வி கேட்பது. இதற்கு அவர்கள் கொண்டுவந்த சட்டகம் 'க்ரோ' (GROW) என்பது. மனிதவளப் பகுதியில் வேலை செய்கிறவர்களுக்குப் பழக்கமானதுதான். என்ன வேண்டும், இப்போது எங்கே நிற்கிறாய், என்னென்ன வழி இருக்கிறது, இவற்றில் எதைச் செய்யப்போகிறாய் என்று நான்கு படி. 1980களில் இங்கிலாந்தில் உருவானது. இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜோன் விட்மோர். அந்த மனிதர் அதற்கு முன்னால் காரோட்டப் போட்டிக்காரர், 1965இல் ஐரோப்பிய சம்பியன். அவருக்கு இந்த யோசனைக்கு வழிகாட்டியவர் திமோதி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் பயிற்சியாளர். பந்தை இப்படி அடி, அப்படி அடி என்று சொல்வதை நிறுத்திவிட்டு, பந்து எங்கே விழுகிறது என்று ஆட்டக்காரரையே கவனிக்கச் சொன்னால் ஆட்டம் தானாகத் திருந்துகிறது என்று கண்டவர். இதையெல்லாம் பயிற்றுநர் அம்மா சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஸ்லைடை நிறுத்தினார். அது எனக்குப் பிடித்திருந்தது. மற்ற வகுப்புகளில் இந்தச் சரித்திரத்திலேயே காலை டீ வந்துவிடும்.

அப்புறம் ஜோடி ஜோடியாக உட்கார வைத்தார். ஒருவர் மனேஜர், மற்றவர் வேலையாள். மனேஜராக இருப்பவர் பத்து நிமிடத்துக்குக் கேள்வி மட்டும்தான் கேட்கலாம். புத்திமதி சொன்னால் பயிற்றுநர் வந்து பேனையால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். என் ஜோடி அந்தத் தேயிலை ஃபெக்டரி ஐயா. வாட்டுதல், அரைத்தல் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தவர், ஆட்களை வைத்து வேலை வாங்குவதிலேயே தலை நரைத்தவர். நான் அவருடைய ஃபெக்டரியில் வேலை செய்கிற பெண் மாதிரி உட்கார்ந்து, "சேர், எனக்கு ஒஃபீஸ் வேலைக்குப் போக ஆசை" என்றேன். மனிதர் யோசிக்கவே இல்லை. "அதுக்கு முதல்ல கம்பியூட்டர் படிக்கணும் பிள்ளை" என்றார். டொக். "சரி, ஏன் படிக்கல்ல?" டொக். கேள்விதானே கேட்டேன் என்று அவர் பயிற்றுநரைப் பார்த்தார். அது கேள்வி இல்லை, குற்றப்பத்திரிகை என்றார் அம்மா. எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த இடத்தில்தான் வகுப்பு உண்மையில் தொடங்கியது. "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் எதிரே இருப்பவன் காரணம் தேட ஆரம்பிக்கிறான். "எது தடையாக இருக்கிறது" என்றால் யோசிக்க ஆரம்பிக்கிறான். மூன்றாவது தடவையில் ஃபெக்டரி ஐயா, "ஒஃபீஸ்ல எந்த வேலைய நெனச்சுக் கேக்குற பிள்ளை?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்த அந்த நேரத்தில் எனக்கே பதில் சொல்ல வேண்டும் போல இருந்தது, நடிப்பு என்று தெரிந்தும்.

இன்னொன்றும் உருப்படியாகச் சொன்னார்கள். தொழில் பற்றிய பேச்சை வேலை மதிப்பீட்டோடு கலக்கக்கூடாது என்பது. வருடக் கடைசியில் இன்க்ரிமெண்ட் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு "உன் எதிர்காலத்துக்கு என்ன ஆசை தம்பி" என்று கேட்டால், "இங்கேயே இருக்கத்தான் மிஸ் ஆசை" என்றுதான் வரும். வேறு என்ன சொல்வான்? சம்பளம் அந்தத் தாளில் இருக்கிறது. அதனால் இரண்டுக்கும் நடுவில் சில மாத இடைவெளியாவது வேண்டும், பேசும் இடமும் வேறாக இருக்க வேண்டும் என்றார்கள். எங்கள் மாதிரி இடங்களில் மனேஜரின் அறைக்குள் கூப்பிட்டாலே என்ன பிழை செய்தோமோ என்று பிள்ளைகள் பயந்துகொண்டு வருவார்கள். நான் லினன் ரூமில்தான் பேசுகிறேன். கையில் மடிக்கத் துணி இருந்தால் முகத்தைப் பார்க்காமல் பேசலாம். பார்க்காமல் பேசினால் உண்மை கொஞ்சம் கூட வருகிறது.

லினன் ரூமில் நடந்த ஒரு பேச்சைச் சொல்கிறேன். வகுப்பின் பலமும் ஓட்டையும் இரண்டும் அதில் இருக்கிறது.

எங்களிடம் கெட்டிக்காரத் தம்பி ஒருவன் ரூம் போய் (room boy), அதாவது அறைகளைச் சுத்தம் செய்து ஒழுங்குபடுத்துகிறவனாக இருக்கிறான். ஃப்ளோர் சுப்பர்வைசர் இடம் காலியானபோது அவனைத்தான் நினைத்தேன். கேட்டால் தலையைச் சொறிகிறான், வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் "வாற சான்ஸை விடாத தம்பி" என்று ஒரு பிரசங்கம் நடக்கும். நான் வகுப்பில் சொன்னபடி, "சுப்பர்வைசரானா உனக்கு என்ன கிடைக்கும், என்ன போகும், சொல்லு பார்ப்பம்" என்றேன்.

தலையணை உறையை மடித்துக்கொண்டே கணக்குச் சொன்னான். "டிப்ஸ் போயிடும் மிஸ். ரூம் செய்றவனுக்குத்தான் டிப்ஸ், செக் பண்றவனுக்கு யார் குடுப்பா? சேர்விஸ் சார்ஜ்ல பொயின்ட் கூடும்தான். ஆனா மழை மாசத்தில சேர்விஸ் சார்ஜே இல்லையே."

ஹோட்டலில் இல்லாதவர்களுக்காக: பில்லோடு சேர்க்கிற 10 வீதம் சேர்விஸ் சார்ஜ் ஊழியர்களுக்குப் பதவிப்படி பொயின்ட் கணக்கில் பிரிக்கப்படும். ஏப்ரல் சீசனில் அது நல்ல தொகை. விருந்தினர் குறைகிற மாதங்களில் பொயின்ட் கூடினாலும் பங்கு போட ஒன்றும் இருக்காது. அதாவது அவனுக்கு நாங்கள் கொடுக்க நினைத்த பதவி உயர்வு, அவன் வீட்டுக்குக் கொண்டுபோகிற காசில் ஒரு குறைப்பு. ஆசையில்லாதவன், சோம்பேறி, முன்னேற விருப்பமில்லாத சாதி என்றெல்லாம் பேசுகிற மனேஜர்மார் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

"அப்ப என்ன செய்ய ஆசை?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "கரண்ட் வேலை மிஸ்" என்றான். அறைகளில் பழுதாகிற கெட்டில், மேசை விளக்கு எல்லாவற்றையும் மெயின்டனன்ஸ் ஆள் வருவதற்கு முன்னால் இவன்தான் திருத்திக்கொண்டிருந்திருக்கிறான்.

கேள்வி கேட்கப் படித்ததற்கு இது போதும் என்று சொல்வேன். ஆனால் இதற்கு அப்புறம்? நான்கு படியில் மூன்றாவது, வழிகள் என்னென்ன என்பது. வேலையாளையே யோசிக்க விடுங்கள் என்கிறது வகுப்பு. கொழும்பில் பெரிய கொம்பனியில் வேலை செய்கிறவன் யோசிப்பான். அவனுக்குக் கூகிள் இருக்கிறது, மனிதவளப் பகுதி இருக்கிறது, அந்த வேலையைச் செய்கிற அண்ணன் ஒருவன் பக்கத்து மேசையில் இருக்கிறான். தோட்டத்தில் லயத்து வரிசை வீட்டிலிருந்து வருகிற பையனுக்கு, ஓ.எல். பரீட்சை சரியாக வராதவனுக்கு, எந்த வாசல் திறந்திருக்கிறது என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. தெரியாத வழியை ஒருவன் எப்படி யோசித்துச் சொல்வான்? இந்த இடத்தில் மனேஜர் வாயை மூடிக்கொண்டிருப்பது பண்பு இல்லை, அநியாயம்.

இதைத்தான் வகுப்பில் கேட்டேன். "நல்ல கேள்வி" என்றார்கள். அந்தந்த நிறுவனம் தன்னுடைய பதவிப் படிநிலையை வரைந்து சுவரில் ஒட்டலாம் என்றார்கள். எங்கள் ஹவுஸ்கீப்பிங்கில் ரூம் போய், ஃப்ளோர் சுப்பர்வைசர், எனக்குக் கீழே ஒரு உதவியாளர், அப்புறம் நான். நான் விலகினால்தான் அடுத்தவருக்கு இடம். இதை வரைந்து ஒட்டினால் இருக்கிறவனும் ஓடிவிடுவான்!

சின்ன இடங்களில் ஏணி வெளியேதான் இருக்கிறது. என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டம் கொண்டது. நான்கு வரைக்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். வேலையை வருடக்கணக்காகச் செய்து கையில் ஒரு தாளும் இல்லாதவர்களுக்கு, வகுப்புக்கே போகாமல், செய்த வேலையின் ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டி அதே சான்றிதழை எடுக்கிற வழி ஒன்று இருக்கிறது. ஆர்.பி.எல். என்பார்கள், முன்கற்றலை அங்கீகரித்தல். அரசாங்கத் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டா இதைச் செய்கிறது. ரூம் வேலை, சமையல், பரிமாறல், மின்சார வேலை எல்லாவற்றுக்கும் தகைமை உண்டு. வெளிநாடு போகிறவனுக்கும் இந்தத் தாள் உதவும். ஹோட்டல் பக்கம் மேலே படிக்க, 1964இல் ஹோட்டல் பாடசாலையாகத் தொடங்கிய சுற்றுலா ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்தின் கிளை பண்டாரவளையிலேயே இருக்கிறது. நாங்கள் உட்கார்ந்திருந்த அதே ஊரில்! இரண்டு நாளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவற்றை ஒரு தாளில் அடித்துக் கொடுத்திருந்தால் வகுப்பில் கொடுத்த தடித்த கையேட்டை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

அந்தத் தம்பிக்கு நான் செய்தது: மெயின்டனன்ஸ் சீஃப்போடு பேசி, வாரத்தில் ஒரு ஷிஃப்ட் அவருக்கு உதவியாளாகப் போட்டோம். மின்சார வேலைப் பாடநெறி எப்போது தொடங்குகிறது என்று தொழிற்பயிற்சி அதிகாரசபையில் கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஹவுஸ்கீப்பிங்குக்கு ஒரு நல்ல கை குறையப்போகிறது. ஆனால் ஹோட்டலை விட்டுப் போகவில்லை, கட்டடத்துக்குள்தான் இருக்கிறான்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் வகுப்பு இன்னும் தூரத்தில் நிற்கிறது. கந்தப்பளைப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளைக்கு நல்ல குரல், சிங்களமும் நன்றாகப் பேசுவாள், ஆங்கிலம் சமாளிப்பாள். ரிசப்ஷனுக்கு எடுக்கலாம். ஆனால் ரிசப்ஷன் என்றால் இரவு ஷிஃப்ட் வரும். பின்னேர பஸ்ஸுக்கு அப்பா ரோட்டில் வந்து நிற்பார். "நீ என்ன விரும்புகிறாய்" என்று அவளிடம் எத்தனை அழகாகக் கேட்டாலும், பதில் அவளிடம் மட்டும் இல்லை. பயிற்றுநரிடம் சொன்னேன். "அவளுடைய முடிவை அவள் எடுக்கட்டும்" என்றார். எடுக்கட்டும்தான். அதற்கு முன்னால் அப்பாவை ஒரு நாள் ஹோட்டலுக்குக் கூப்பிட்டு, ஸ்டாஃப் குவாட்டர்ஸில் பெண்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது, இரவில் செக்கியூரிட்டி நிற்கிறது என்று காட்டி, ஒரு பிளேன்டீ கொடுத்து அனுப்ப வேண்டும். எங்கள் ஊரில் இதுவும் கோச்சிங்தான். கையேட்டில் இருக்கிற உதாரணங்களில் எல்லோரும் லப்டொப்போடு வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள்.

ஆனால் ஒரு கேள்விக்கு அந்த அம்மா சொன்ன பதிலுக்காக அவரை மதிக்கிறேன். லீசிங் மனேஜர் கேட்டார்: மனம் திறந்து பேசச் சொல்லி, அவன் வெளிநாடு போகத்தான் ஆசை என்றால் என்ன செய்வது? அம்மா, நீங்கள் பேசாவிட்டாலும் அவன் போகத்தான் போகிறான், பேசினால் மூன்று மாதத்துக்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரியும், அதற்குள் அவனே ஒருவனைப் பழக்கித் தருவான் என்றார். பேசாவிட்டால் சம்பளம் எடுத்த அடுத்த நாள் போன் ஓஃபில் இருக்கும். ஹோட்டல்காரர்கள் எல்லோரும் தலையாட்டினோம். அதோடு, அவன் சொன்னதை முதலாளியிடம் போய்ச் சொல்லிக் காட்டிக்கொடுத்தால் அந்த ஹோட்டலில் அதற்குப் பிறகு யாரும் உங்களிடம் வாய் திறக்க மாட்டார்கள் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். மருந்துக்கடை முதலாளிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

இரண்டாம் நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் எழுபது-இருபது-பத்து கணக்கு: கற்றலில் எழுபது வீதம் வேலை செய்வதிலிருந்து, இருபது மற்றவர்களிடமிருந்து, பத்துதான் வகுப்பிலிருந்து. 1980களில் அமெரிக்காவில், முன்னுக்கு வந்த மேலதிகாரிகளிடம் எப்படிக் கற்றீர்கள் என்று கேட்டதிலிருந்து வந்தது இது. அவர்கள் ஞாபகத்தில் சொன்னதே தவிர, தராசில் நிறுத்தது இல்லை. ஆனால் ஸ்லைடில் நியூட்டன் விதி மாதிரிப் போட்டார்கள். கருத்து சரிதான். கட்டில் விரிப்பு மூலை மடிப்பதை எவரும் கரும்பலகையில் படித்ததில்லை. பத்து வீதம்தான் வகுப்பு என்று சொல்லிவிட்டு அதற்கு இவ்வளவு கட்டணம் வாங்கலாமா என்று ரெஸ்டூரண்ட் மனேஜர் என் காதில் கேட்டார்.

பின்னேரம் தனிநபர் வளர்ச்சித் திட்டம் என்று நான்கு பக்கப் படிவம், ஆங்கிலத்தில். குறும், நடு, நெடுங்கால இலக்கு, திறன் இடைவெளி, கண்காணிப்புத் திகதி. நிரப்பி முடிக்கவே பின்னேரம் போய்விட்டது. இதை என் பிள்ளைகளிடம் கொடுத்தால் அடுத்த நாள் பாதிப் பேர் வயிற்றுவலி என்று லீவு போடுவார்கள். நான் ஒரு சி.ஆர். கொப்பியில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அவன் சொன்னது, நான் செய்வதாகச் சொன்னது, அடுத்து எப்போது பேசுவது என்று மட்டும் எழுதுகிறேன். நான் செய்வதாகச் சொன்னது என்ற வரிதான் அதில் முக்கியம். கொம்பனிப் படிவத்தில் அது இல்லை, எல்லாமே வேலையாள் செய்ய வேண்டியவை.

மற்றவை. பயிற்றுநர் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசினார். தமிழில் கேட்டால் உதவியாளராக வந்த தம்பி நன்றாக விளக்கினார். ஜோடிப் பயிற்சியை அவரவர் மொழியில் செய்ய விட்டதும் நல்லது. மண்டபம் வசதி, மதியச் சோறு பரவாயில்லை, பின்னேர ரோல்ஸ் ஆறிப்போயிருந்தது. நுவரெலியாவிலிருந்து வெலிமடை வழியாகப் போகிறவர்கள் ஸ்வெட்டரை நம்பிப் போகாதீர்கள், பண்டாரவளையில் வெயில். ஒரு மாதம் கழித்துப் போனில் பேசி நிலவரம் கேட்போம் என்றார்கள், பேசவில்லை. வட்ஸ்அப் குழு இருக்கிறது. அதில் லீசிங் மனேஜர் தினமும் பூப்படத்தோடு காலை வணக்கம் போடுகிறார். கட்டணம் ஆளுக்கு ஒரு ரூம் போயின் அரை மாத அடிப்படைச் சம்பளம் அளவு வரும். எங்களுக்கு ஹோட்டல் கட்டியது. சொந்தக் காசு என்றால் முதல் நாளுக்கு மட்டும் வரலாமா என்று கேளுங்கள், விடுவார்கள் போலத்தான் தெரிகிறது.

யாரை அனுப்பலாம்? ஜீ.எம்.மாரை விட சுப்பர்வைசர்மாரை, கெப்டன்மாரை, தோட்டத்துப் பக்கம் என்றால் வெளிக்கள உத்தியோகத்தர்களை அனுப்புங்கள். பிள்ளைகளோடு தினமும் பேசுகிறவர்கள் அவர்கள்தான். பொயின்ட் கணக்கையும் சம்பளப் படியையும் மாற்றுகிற அதிகாரம் உள்ள ஒருவரையும் கூடவே அனுப்பினால் இன்னும் நல்லது. சுப்பர்வைசர் ஆனால் வருமானம் குறையும் என்ற கணக்கை நான் எங்கள் ஜீ.எம். மேசையில் எழுதி வைத்துவிட்டேன். பார்ப்போம் என்றிருக்கிறார். அடுத்த வகுப்பை ஏப்ரலில் வைக்கலாமா என்று குழுவில் கேட்டார்கள். சீசனில் நுவரெலியாவிலிருந்து ஒரு ஹோட்டல்காரனும் வரமாட்டான், ஜூனுக்குத் தள்ளுங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.